கடலை என்றால் எந்தக் கடலை

"சத்துமாவுக் கஞ்சி குடிச்ச ஒரு குழந்தைக்குத் தொண்டை வீங்கிடுச்சாம்" என்றார், இந்த வெளிநாட்டு அலுவலகத்தில் என்னைப் போலவே தமிழரான என் பக்கத்து இருக்கைக்காரர். அவருக்கு மனைவி சொன்னது. மனைவிக்குக் கடைக்காரர் சொன்னது. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். "நம்ம ஊர்ச் சரக்குதான்னு பேச்சு" என்றார். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

என் அக்கா சத்துமாவு செய்பவள். அத்தானின் கடை படுத்த பிறகு, வீட்டின் பின்னறையில் ஓர் அரைவை இயந்திரமும் மூன்று பெண்களுமாகத் தொடங்கினாள். நான் இருக்கும் இந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று ஆசை காட்டியவன் நான். அன்றிலிருந்து பதினோரு மாதம் அவள் காகிதங்களோடு மல்லுக்கட்டினாள். ஏற்றுமதிப் பதிவு, சுகாதாரச் சான்று, ஆய்வக அறிக்கை. சுவரில் பாதி உயரத்துக்கு ஓடு பதிக்கச் சொன்னார்கள், பதித்தாள். ஜன்னலுக்கு வலை, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை.

"மாவு அரைக்கிறியா, ஆபரேஷன் பண்றியான்னு உங்க அத்தான் கேக்கறார்டா" என்று போனில் சிரித்தாள்.

அவளுடைய பயமெல்லாம் பூஞ்சை மேல்தான். "கடலைலதான்டா அது சுலபமா பிடிக்குமாம். ஒவ்வொண்ணா பொறுக்கறேன், கண்ணு பூத்துப்போச்சு" என்றாள். ஆய்வக அறிக்கை சுத்தமாக வந்தது.

மாவுப் பொட்டலத்தின் உறையில் அச்சிட வேண்டியதை இந்த நாட்டு மொழியில் எழுதித் தருவது என் வேலை. இரண்டு மொழி படித்த தம்பி இருக்கும்போது வெளியாள் எதற்கு? அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கம்பு, கேழ்வரகு, கோதுமை, கடலை. நாங்கள் வளர்ந்த வீட்டில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அதையே எழுதினேன்.

பக்கத்து இருக்கைக்காரர் குழந்தையைப் பற்றிச் சொன்ன அன்று மாலை அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, மாவுல என்ன கடலை போடறே?"

"இது என்னடா கேள்வி? வேர்க்கடலைதான். இங்க கடலைன்னா அதுதானே. ஏன், ருசி இல்லேங்கறாங்களா?"

"சும்மா கேட்டேன்."

அவள் வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பதினைந்து வருடம். அந்த வீட்டுப் பேச்சு அவள் வாயில் ஏறியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

இங்கே வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் பலர்; அவர்களுக்கு ஒரு கரண்டி போதும், உயிர் போய்விடும். அதனால் வேர்க்கடலை இருக்கிறது என்று உறையில் தடித்த எழுத்தில் போட்டாக வேண்டும். சட்டம் அது. எனக்குத் தெரிந்த சட்டம்தான்.

இன்று காலை இறக்குமதி செய்தவரின் கடிதத்தை அக்கா எனக்கு அனுப்பியிருந்தாள், படித்துச் சொல்லச் சொல்லி. கூடவே அவள் குரலில் ஒரு செய்தி: "நாலு பேரும் வேலையை நிறுத்திட்டு உக்காந்திருக்கோம்டா. பூஞ்சையா? பூஞ்சைன்னா இன்னும் நல்லா காய வச்சு அனுப்பறேன்னு எழுதிடு."

படித்தேன். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான். கடைகளில் இருந்ததைத் திரும்பப் பெற்றாயிற்று. கிடங்கில் உள்ள பெட்டிகளைப் புதுச் சீட்டு ஒட்டி விற்கவும் அனுமதி இல்லை, இங்குள்ள அதிகாரிகள் அழிக்கப் போகிறார்கள். அவளுடைய ஏற்றுமதிப் பதிவை ரத்து செய்யச் சொல்லி நம் ஊரில் உள்ள ஏற்றுமதி அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: உறையில் எழுதியதும் உள்ளே இருப்பதும் வேறு.

இதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மேசையில் போன் அதிர்கிறது. அக்காதான், மூன்றாவது முறை. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "எடுங்க சார், ரொம்ப நேரமா அடிக்குது" என்கிறார்.