ரிவர்ஸ் வராதவன்

எட்டு வருடமாகக் காஞ்சிபுரத்தில் நான் யாருக்கும் வழி விட்டதில்லை. சந்தில் எதிரே எந்த வண்டி வந்தாலும் ஹாரனை அமுக்கியபடி அப்படியே நிற்பேன். திமிர் பிடித்தவன் என்று தெருவில் பேச்சு. நானும் மறுக்கவில்லை. உண்மையில் எனக்குக் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாது. லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். முகூர்த்த நாள், கோயில் பக்கமெல்லாம் வெளியூர் வேன்கள். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஒருவழிச் சந்தில் எதிர்த்திசையில் காரை நுழைத்தேன்.

"வேணாங்க," என்றாள் மனைவி.

"காலையில எவன் வரப்போறான்?"

காரில் வந்தது ஒரு பெண். புர்கா அணிந்தவர், முப்பது வயதிருக்கும். பின் சீட்டு நிறையத் துணிக் கட்டுகள். நான் ஹாரன் அடித்தேன். அவர் எஞ்சினை அணைத்தார். நானும் அணைத்தேன். அவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினார்.

இருபுறமும் பைக்குகள் சேர்ந்தன. மாடியிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் எனக்குச் சொன்ன ஆலோசனையை இங்கே எழுத முடியாது.

பிஸ்கட் தீர்ந்ததும் அந்தப் பெண் இறங்கி வந்தார். "அண்ணா, ராங் ரூட்ல வந்துக்கினு இருக்கறது நீங்க. பின்னாடி எடுங்கண்ணா."

"ரிவர்ஸ் வராதும்மா," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பக்கத்து பைக்காரனுக்கும் கேட்டுவிட்டது. "சாருக்கு ரிவர்ஸே வராதாம்பா!" என்று சந்துக்கே அறிவித்தான்.

"எறங்குங்கண்ணா," என்றார் அந்தப் பெண்.

இறங்கினேன். அவர் ஏறி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, ஒரு சுவரையும் உரசாமல் காரை முக்கு வரை பின்னால் கொண்டுபோனார். மனைவி இறங்கவே இல்லை. இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். பட்டு வேட்டியோடு நான் காரின் முன்னால் நடந்தேன்.

"ஒண்ணும் இல்லண்ணா, பழகினா வந்துடும்," என்று சாவியைக் கொடுத்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? கல்யாணச் சாப்பாட்டில் பாயசம்கூட இறங்கவில்லை.

அடுத்த நான்கு ஞாயிறுகள் ஓரிக்கையில் ஒரு காலி மனையில் பழகினேன். ஒரு வேப்பமரத்துக்கு மட்டும் லேசான காயம்.

போன வாரம் செவிலிமேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ எதிரே வந்தது. நானே முந்திக்கொண்டு பின்னால் எடுத்து ஒதுங்கி நின்றேன். ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"தேங்க்ஸ் சொல்வார்னு பார்த்துக்கினு இருக்கீங்களா?" என்றாள் மனைவி. "வண்டிய எடுங்க."