குளத்துக்காகத் தைத்த பனியன்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தை ஊர்க்காரர்கள் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்திய பிறகு பறவைகள் வரத் தொடங்கின. அவற்றைப் பார்க்கக் காலையில் கரையில் நடக்க ஆரம்பித்தவள், அப்படியே குளத்துக் குழுவிலும் சேர்ந்துவிட்டேன்.

குழுவுக்குத் தீராத தலைவலி காவலாளின் சம்பளம். குப்பை கொட்ட வரும் வண்டிகளைத் தடுக்க ஒருவர் எப்போதும் அங்கே இருந்தாக வேண்டும். குளம் நிறைந்த வருடம் கேட்டவர்களெல்லாம் கொடுப்பார்கள். காய்ந்த வருடம் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். காவலாளும் வேறு வேலை தேடிப் போய்விடுவார். அதனால்தான் நிரந்தர நிதி ஒன்று வைப்பதென்று முடிவு செய்தோம். சேரும் பணத்தை வங்கியில் போட்டுவிடுவது. அசலை யாரும் எக்காலத்திலும் தொடக் கூடாது. வட்டியில் குளத்தைப் பார்த்துக்கொள்வது. வீடு வீடாக ஏறி இறங்கினோம். பாதிக்கு மேல் சேர்ந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, நாமே பனியன் போட்டு விற்றால் என்ன என்று கேட்டுவிட்டேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். ஒருவர் நூல் தருகிறேன் என்றார். இன்னொருவர் தன் நிட்டிங் மெஷினில் ஓட்டித் தருவதாகச் சொன்னார். பிரிண்டிங், காஜா, அயர்னிங் என்று ஆளுக்கொரு பக்கம் குரல் எழுந்தது. எனக்குக் கை பரபரத்தது. அங்கேயே ஒரு காகிதத்தை வாங்கி, குளத்துக்கு வரும் ஊசிவால் வாத்தை வரையத் தொடங்கினேன்.

அப்போது பின் வரிசையிலிருந்து சாயப்பட்டறை முதலாளி ஒருவர் எழுந்தார். “சாயம் நான் போட்டுத் தர்றனுங்க. கூலி வேண்டாம்” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவரையல்ல, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாவை. அவருக்கு ஆற்றோரத்தில் தோட்டம். சாயத்தண்ணீர் இறங்கி அவருடைய கிணறு ஒரு காலத்தில் வீணாய்ப் போனது எல்லோருக்கும் தெரியும்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. “உங்க ஒருத்தர் மேல பழி போடலீங்க. ஆனா இனாமாச் சாயம் போட்டுக் குடுத்துட்டா எல்லாம் நேராயிருமுங்களா?”

“என்ன பண்ணோணும், சொல்லுங்க.”

“மாசம் ஒருக்காக் குளத்துத் தண்ணியச் சோதிக்கறமுங்க. அன்னிக்கு நீங்க எங்ககூட வந்து நிக்கோணும். ஆளனுப்பக் கூடாதுங்க.”

சாயப்பட்டறைக்காரர் “வர்றனுங்க” என்றார். அந்த அம்மா தலையசைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். கரும்பச்சையில் சாயமேறிய துணி சுருங்காமலிருக்க அழுத்தியெடுக்கும் காம்பேக்டிங்கும் முடிந்து வந்தபோது கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்; அவ்வளவு மிருது. எங்கள் முதலாளி ஞாயிற்றுக்கிழமை கம்பெனியைத் திறந்துவிட்டார். ஒரிசாப் பையன்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் பவர் டேபிளில் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள். ஆர்டருக்குத் தைக்கும்போது இல்லாத சிரிப்பும் பேச்சும் அன்றைக்கு. முதல் பீஸ் பிரிண்ட் ஆகி வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக ஓடியது நான்தான்.

சரக்கை எடுத்துக்கொண்டு நானும் சாயப்பட்டறைக்காரரும் பனியன் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டைக்குப் போனோம். ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவரிடம் என் அரைகுறை ஹிந்தியில் குளத்தைப் பற்றியும் வாத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. துணியை இழுத்துப் பார்த்தார். தையலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பாட்டில் தண்ணீரில் ஒரு முனையை நனைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தார். சாயப்பட்டறைக்காரர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. வியாபாரி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். வாத்துக்காக வாங்கவில்லை, துணிக்காகத்தான் வாங்கினார். எனக்கு அதில் வருத்தமேயில்லை. வண்டியில் திரும்பும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி அடுத்த வருடத்துக்கு எந்தப் பறவை, என்ன நிறம் என்று பேசிக்கொண்டே வந்தோம்.

அப்படி இரண்டு தடவை போட்டதில் நிதி நிறைந்தது. குழுவில் எல்லோருமாகப் போய் வங்கியில் போட்டோம். முதல் வட்டி வந்ததும், அயர்ன் மாஸ்டராக இருந்து வெக்கை ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்ட ஒருவரைக் காவலுக்கு வைத்தோம்.

அவர் சேர்ந்த வாரமே ஒரு விடியற்காலையில் போன் வந்தது. கட்டிங் வேஸ்ட் ஏற்றிய வண்டி ஒன்று குளத்துக்குள் கொட்ட வந்திருக்கிறது. இவர் கரையில் குறுக்கே நின்று, வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பிவிட்டார். “போயிருச்சுங்கக்கா, ஒரு துண்டுத்துணிகூட உள்ள விழுகலீங்க” என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினேன். தோட்டத்து அம்மா எனக்கு முன்னாலேயே வந்து, காவலாளுக்கு பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.