குளித்த பிறகு எவ்வளவு நேரம்?

ஏறாவூர் றுமைஸாவிடம் எந்த உடுப்பைக் கொடுத்தாலும் முதலில் உட்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள். பதினேழு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவள். வெளியே பார்த்தால் எல்லாச் சட்டையும் அழகுதான், பிழை கிடப்பது உள்தையலில் என்பது அவள் கட்சி. பெருநாளைக்குப் புருஷன் பக்கீர் ஆசையாக எடுத்துக் கொடுத்த சல்வாரையும் கொடுத்த கையோடு திருப்பிப் பார்த்தாள்.

"மாடு வாங்கிறவன் பல்லப் புடிச்சிப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்கா," என்றான் பக்கீர்.

பக்கீர் ஓட்டோ ஓட்டுகிறவன். தங்கமான மனிதன். யார் சுகம் விசாரித்தாலும் அவனிடம் ஒரே பதில்தான். ஒருமுறை ஓட்டோ வாய்க்காலுக்குள் சரிந்து, தலையெல்லாம் சேறாக எழும்பி வந்தவனிடம் ஓடிவந்தவர்கள், "எப்படிக் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள். "அல்ஹம்துலில்லாஹ், ஓட்டோவுக்குத்தான் கொஞ்சம் ஏலா," என்றானாம்.

அவனை மட்டும் சொல்வானேன், ஊரே அப்படித்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இறைவனைப் புகழ்ந்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நோவும் வருத்தமும் இரண்டாவது கேள்விக்குத்தான் வெளியே வரும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க இப்போதெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு தை மாதம் புருஷன் பெண்சாதி இருவரும் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கொரோனாவில் மவுத்தானவர்களின் உடலை, அடக்கவேண்டிய முஸ்லிம் மையித்தையும் சேர்த்து, அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அடக்கினால் நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும் என்றார்கள். "எந்த ஆராய்ச்சி சொல்லுது? அந்த றிப்போட்டக் காட்டுங்களன்," என்று றுமைஸா தொலைக்காட்சிப் பெட்டியோடு சண்டை பிடித்தாள். பெட்டி பதில் சொல்லவில்லை, சொல்லவேண்டியவர்களும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போனால் கொண்டுபோய்விடுவார்கள், ஏதும் ஆகிவிட்டால் எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கொத்தமல்லி அவித்துக் குடித்துக் கிடந்தார்கள். ஊரில் எத்தனையோ வீடுகள் அப்படிக் கிடந்தன. அந்தக் கொதிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய தேவையும் இல்லை.

பத்தாம் நாள் பக்கீர் எழும்பி ஓட்டோவை எடுத்தான். றுமைஸாவுக்குக் காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. ஒரு வாளி உடுப்புக் கழுவினால் இரண்டு நாள் படுக்கை. தொழிற்சாலை வேலை போனது. தனியார் டொக்டர் ஒருவர் இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல, மனதுதான், நல்லா நடவுங்க," என்றார். நம்பி நடந்தாள். மூன்றாம் நாள் குளியலறை வாசலில் விழுந்தாள், பிறகு எட்டு நாள் பாயோடு கிடந்தாள். பக்கீரின் மூத்த சகோதரி ராத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது நோயில்ல, பஞ்சி," என்று சொல்லிப் போனாள். சோம்பேறி என்று சொன்னதை றுமைஸா எத்தனை நாள் நினைத்து அழுதாள் என்பது தலையணைக்குத்தான் தெரியும்.

பிறகுதான் வாவிக்கரை ஆஸ்பத்திரியில் டொக்டர் யசோதினி வியாழக்கிழமைகளில் ஒரு களைப்புக் கிளினிக் தொடங்கினார். பெண்கள் பகுதியில் ஒரு மூலை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். கொரோனா வந்ததற்குப் பத்திரம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. "நீங்க சொல்றத நம்புறன். இத வெல்லப் போகாதீங்க, உடம்பில இருக்கிற பலத்தப் பாத்துப் பாத்துச் செலவழியுங்க," என்றார். நம்புறன் என்ற ஒரு சொல்லுக்காகவே றுமைஸா ஒவ்வொரு வியாழனும் பக்கீரின் ஓட்டோவில் போனாள். வெளிநாடுகளில் நோயாளிகளே படுத்த படுக்கையில் ஆராய்ச்சி அறிக்கைகளை வாசித்துப் பிழை பிடித்திருக்கிறார்கள் என்றும் டொக்டர் ஒருநாள் சொன்னார். அது அவள் காதில் நன்றாக விழுந்திருந்தது.

சென்ற வருடம் அந்தக் கிளினிக்குக்கே ஆபத்து வந்தது. மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வு. தொலைபேசியில் தொடர்புகொண்ட பெண்களில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் சுகமடைந்துவிட்டார்கள், இனிக் கிளினிக் தேவையில்லை, தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் போதும். ஆறு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை உதயரூபன் என்ற அதிகாரி வந்து முடிவை அறிவிப்பார்.

டொக்டர் கவலையோடு கொடுத்த அறிக்கையை றுமைஸா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்குமேல் எழுத்து மிதக்கும். நாலாம் நாள் உள்தையல் தெரிந்தது. கிளினிக்கில் பதிந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதில் பதினாலு பேர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர்களைத் தள்ளிவிட்டு மீதி முப்பத்தெட்டில்தான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

"பெட்டியில இருந்து பதினாலு சட்டையத் தூக்கி வெளிய போட்டுட்டு, மிச்சமெல்லாம் நல்ல சட்டை எண்டா என்ர சுப்பவைசர் என்னச் சும்மா விட்டிருப்பாரா?" என்று பக்கீரிடம் கேட்டாள்.

"விட்டிருக்கமாட்டார்," என்றான் பக்கீர் கொட்டாவி விட்டபடி.

அடுத்த நாள் அதைவிடப் பெரிய பிழை அகப்பட்டது. கேட்கப்பட்ட கேள்வி கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'இப்போது சுகமாக இருக்கிறீர்களா?' றுமைஸாவுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தலைதூக்க முடியாமல் கிடந்தாள். ஒரு பிள்ளை அன்பாகச் சுகம் கேட்டது. வாய் தன்பாட்டில், "அல்ஹம்துலில்லாஹ், சுகம் மகள்," என்று சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையும் நன்றி சொல்லி வைத்துவிட்டது. அப்படியானால் அந்த எண்பத்தேழுக்குள் தானும் ஒருத்தி! றுமைஸா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கிரானிலிருந்து கிளினிக்குக்கு வருகிற சீதேவிப்பிள்ளைக்கு உடனே அழைப்பு எடுத்தாள். "அக்கா, அந்தப் புள்ள கேட்டத்துக்கு நீங்க என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ற? கடவுள் புண்ணியத்தில நல்லா இரிக்கன் எண்டுதான் சொன்ன. முகம் தெரியாத புள்ளையிட்ட நம்மட ஏலாமையையா சொல்லுவம்?"

றுமைஸா எழுத ஒரு கொப்பியை எடுத்தாள். கிளினிக் பெண்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொருவராக அழைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு பேர்தான், அதுவும் படுத்தபடி. மூன்றாவது அழைப்பு எடுத்தால் மறுநாள் போய்விடும். சுகமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. "நேத்துக் குளிச்சுப்போட்டு எவ்வளவு நேரம் படுத்தீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு யாரும் மரியாதைப் பதில் வைத்திருக்கவில்லை. அரை மணி என்றார்கள், பகல் முழுக்க என்றார்கள். ஒருத்தி, குளித்தே நாலு நாள் என்று சொல்லி அழுதாள். எல்லோரும் படுத்தவர்களும் அல்ல. பதினொரு பேர் உண்மையாகவே தேறியிருந்தார்கள். தொலைபேசி எடுக்காத பதினாலில் ஒருத்தி வேலைக்குக் குவைத்துக்கே போயிருந்தாள். அவளைச் சுகம் என்று எழுத றுமைஸாவுக்குக் கை வரவில்லை. பொறாமையும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் எழுதினாள். நல்ல சட்டையைப் பழுது என்று எழுதுகிறவளும் கள்ளச் செக்கர்தானே. ஐந்து பேர் கடைசிவரை அகப்படவில்லை. அவர்களுக்கு நேரே 'தெரியாது' என்று எழுதினாள். மீதி முப்பத்தாறு பேர் படுத்தவர்கள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. வாங்குகள் நிறையப் பெண்கள். உதயரூபன் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். முன்வரிசையில் கொப்பியோடு இருந்த றுமைஸாவைப் பார்த்துச் சிரித்து, "எப்படியம்மா, சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் சேர்," என்றாள் றுமைஸா.

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. சீதேவிப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்தினாள். டொக்டர் யசோதினி கண்ணை மூடிக்கொண்டார். ஆறு வாரப் பாடு ஒரு வாயில் போனதே என்று றுமைஸா பதறினாள். வாங்கில் யாரோ சிரிக்க, அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"சேர், இப்ப பாத்தீங்கதானே?" என்றாள். "இதத்தான் உங்கட றிப்போட்டில எழுதியிரிக்கி. சுகமா எண்டு கேட்டா மவுத்தாப் போறவளும் சுகம் எண்டுதான் சொல்லுவா. மறுகா இன்னொரு கேள்வி இரிக்கி, அதக் கேளுங்க."

கொப்பியை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, வாங்குகளைப் பார்த்துக் கேட்டார். "நேற்றுக் குளிச்ச பிறகு எவ்வளவு நேரம் படுத்தீங்க?" முன்வாங்கிலிருந்து பின்வாங்கு வரை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர் துண்டுப்பிரசுரக் கட்டை மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அன்று போய்வந்ததற்கு றுமைஸாவின் உடம்பு மூன்று நாள் வட்டி வாங்கியது. சனிக்கிழமை டொக்டர் தொலைபேசியில் பேசினார். கிளினிக் இன்னும் ஒரு வருடத்துக்கு நடக்கும், புதிய படிவத்தில் அவள் கேள்வி முதலாவது. பின்னேரம் பக்கீர் தேத்தண்ணியோடு வந்து பாய்க்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டுட்டாய். இனி ஆரக் கேக்கப் போறாய்?"

பகிடிக்குத்தான் கேட்டான். அவளும் பகிடிக்குத்தான், "உங்களத்தான்," என்றாள். "நேத்துக் குளிச்சுப்போட்டு எவ்வளவு நேரம் படுத்தீங்க?"

பக்கீர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"வாவிக்கரை வாகை மரத்துக்குக் கீழ ஓட்டோவ விட்டுட்டு, பின் சீட்டில," என்றான் மெதுவாக. "ஒண்டர மணித்தியாலம். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்கா."

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சலோட."

மத்தியானம் வாடகை ஹயருக்குப் போகாமல் மரத்தடியில் கிடக்கிறான் என்று ஓட்டோக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அவள் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பஞ்சி புடிச்ச மனிசன் என்றும் சொல்லியிருக்கிறாள். தன்னை அழவைத்த அதே சொல். மூன்று வருடத்துக்கு மேலாக, பக்கத்தில் படுத்திருந்த மனிதனிடம் அந்த இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. பெண்கள் மூலையில் தொடங்கிய கிளினிக்கில் ஆம்பிளைகளை யாரும் பதியவும் இல்லை.

"ஏன் சொல்லல்ல?"

"நீயே ஏலாமக் கிடக்காய். நானும் விழுந்தா ஆர் தேத்தண்ணி ஊத்துற?"

றுமைஸா அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கொப்பியை எடுத்து ஐம்பத்து மூன்று என்று இலக்கம் போட்டு அவன் பெயரை எழுதினாள்.

"வாற வியாழக்கிழமைக்கு வேற ஓட்டோ ஒண்டு சொல்லுங்க," என்றாள். "ரெண்டு பேரும் பின்னால இரிந்து போவம்."