மீனுக்குக் கட்டிய வேடு

போன வியாழக்கிழமை காலையில் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தால், ஒரு வரமிளகாய் வந்தது.

அடுப்படியில் இருக்க வேண்டியது இங்கே எப்படி வந்தது என்று குனிந்து எடுத்தேன். மிளகாய்க்குக் கண் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் குக்கரை அப்படியே விட்டுவிட்டு மகள் கவிதா ஓடி வந்தாள். பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "அய்யோ அம்மா... அவரு ரெண்டு நாளாத் தேடிட்டு இருக்கற மீனும்மா இது."

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருக்கிறது என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. மாப்பிள்ளையின் ஆசை. அவர் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வந்தால் ஒரு டம்ளர் டீயோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

கோயமுத்தூரில் ஏது கடல் என்பீர்கள். பாக்கெட்டில் வருகிறது! பாக்கெட் உப்பை, மிஷினில் வடித்த தண்ணீரில் கரைத்துக் கடல் செய்கிறார். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் வயிறு பற்றி எரிந்தது. சிறுவாணித் தண்ணீர்... வெளியூர்க்காரர்கள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இதில் என்ன கலந்தீர்கள் என்று கேட்கிற தண்ணீர். அதில் போய் யாராவது உப்பைக் கொட்டுவார்களா?

கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் மாமியார்கள் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேச மாட்டோம். அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவோம். இப்போது இருக்கிற பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கும். ஆனால் எனக்கு இயல்பாகவே கூச்சம் அதிகம். இந்தப் பத்தியில் வாரா வாரம் இத்தனை பேரோடு பேசுகிறேனே என்று கேட்காதீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் முடிகிறது.

என் வீட்டுக்காரர் இருந்தவரை மாப்பிள்ளையோடு பேசுகிற வேலை அவருடையது. அவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் கவிதாதான் தபால்காரி. "அத்தை சாப்பிட்டாங்களான்னு கேளு" என்பார். நான் அடுப்படியில்தான் நிற்பேன். காதில் நன்றாகவே விழும். ஆனாலும் கவிதா வந்து கேட்டால்தான், ஆச்சு என்று அவளிடம் சொல்லுவேன்.

அவர் பேசாததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை போல... அப்படித்தான். அதனால் அவருடைய பொருள் எதையும் தொட மாட்டேன். நாற்காலியைக்கூடச் சுற்றித்தான் போவேன்.

மிளகாய்க்கு வருவோம். அந்த மீனுக்குப் பேர் ஃபயர் ஃபிஷ்ஷாம். விரல் நீளம். முன்பாதி பால் வெள்ளை, பின்பாதி நெருப்பு. ஒரு ஜோடி வாங்கியிருந்தார். தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டு. ஆனால் இந்த வெயிலுக்குக் கண்ணாடியைப் போட்டு மூடினால் தண்ணீர் சூடாகிவிடுகிறது என்று மாப்பிள்ளை அதை எடுத்து வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவரிடம் தொட்டி அளவுக்கு வலை மூடி செய்யச் சொல்லியிருந்தார். அவர் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே இருக்க, அதற்குள் ஜோடியில் ஒன்று துள்ளி வெளியே போய்விட்டது.

சாயங்காலம் கவிதா விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை அந்த மீனை ஒரு காகிதத்தில் மடித்து, செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவருடைய டீ ஆறிப்போனது.

சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்தில் அவருடைய சொந்தத்தில் கல்யாணம். வெள்ளிக்கிழமையே கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் போய்த்தான் ஆக வேண்டும். எனக்கு முழங்கால் வலி, நான் போகவில்லை. கண்ணாடி மூடியைப் பழையபடி போட்டுவிட்டு, கவிதாவிடம் சொன்னார். நான் ரேழியில்தான் நின்றேன். மத்தியானம் தொட்டி சூடாக இருந்தால் மூடியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம். நகர்த்தினால் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். கடைசியாக, கொஞ்சம் தணிந்த குரலில், "அந்த ஒண்ணுதான் இருக்குது. பாத்துக்கச் சொல்லு" என்றார்.

அந்த ஒன்று போய்விட்டால்? அதுவும் என் பொறுப்பில் இருக்கும்போது? என்ன முகத்தோடு அவர் வீட்டில் சாப்பிடுவது?

மத்தியானம் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. மூடியை நகர்த்தினேன். பளு என்றால் பளு... ஓரமெல்லாம் உப்பு பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி வந்த பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. உடைத்துவிடுவேன் என்று பயம். ஒரு வழியாகத் தூக்கிக் கட்டில் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

இனி என்ன செய்வது? எனக்கென்ன தெரியும்? தெரிந்தது ஒன்றுதான். வேடு.

ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கும்போது வாய்க்கு வெள்ளைத் துணி போட்டுச் சுற்றிக் கட்டுவோம் இல்லையா? அதுதான் வேடு. காற்று போகும், ஈ போகாது. ஊறுகாய்க்கு ஆகிறது மீனுக்கு ஆகாதா? என்னுடைய பழைய நூல் சேலையைக் கிழித்து, நன்றாக அலசிக் காயவைத்து, தொட்டி வாய்க்குக் கட்டினேன். பார்க்கவே அழகாக இருந்தது. மீனுக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து வந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தண்ணீர்.

சேலை நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டிருக்கிறது. தொட்டது குடிக்கத் தொடங்கிவிட்டது. குடித்ததையெல்லாம் ஓரத்து முனை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டிருக்கிறது. நல்லவேளை, கரண்ட் பிளக் எல்லாம் சுவரில் உயரத்தில் இருந்தது. தொட்டியில் தண்ணீர் நான்கு விரல் இறங்கிப்போயிருந்தது.

மீனைக் காணவில்லை.

சோபாவுக்கு அடியில் பார்த்தேன். தொட்டி வைத்த ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். இன்னொரு மிளகாய் கைக்கு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே தேடினேன். கவிதாவுக்குப் போன் போட்டேன். முகூர்த்த நேரம், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே நம்பர். கவிதா எப்போதோ பதிந்து கொடுத்தது. நான் ஒரு நாளும் அழுத்தாதது.

அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்கத்தை."

என்ன சொல்லுவது? சேலை, வேடு, ஊறுகாய்... எதிலிருந்து தொடங்குவது? கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஏனுங் மாப்ளெ... கடல் கொஞ்சம் கொறஞ்சு போச்சுங்க."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாதாத் தண்ணீர் ஊற்றி, குறைந்த உப்பை நானே போட்டுவிடட்டுமா என்று எனக்கு ஒரு யோசனை. "ஊட்டுல கல்லுப்பு இருக்குதுங்க. எத்தனை கை போடோணுமுங்க?"

"அத்தை, உப்பு டப்பாவ மட்டும் தொட்டுப்போடாதீங்க."

சமையல் உப்பு அந்த மீனுக்கு ஆகாதாம். ஸ்டாண்டுக்குக் கீழே வெள்ளைக் கேனில் கரைத்து வைத்த கடல் தண்ணீர் இருக்கிறது, அதைச் சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றச் சொன்னார். மூடிக்கு, ஓட்டை ஓட்டையாக இருக்கிற ப்ளாஸ்டிக் சாமான் ஏதாவது போதும் என்றார். கோபம் என்று ஒரு சொல் இல்லை. அப்புறம்தான் கேட்டார்.

"மீன் இருக்குதுங்களா?"

"கீழ எல்லாந் தேடிட்டனுங்க, இல்லீங்க. உள்ளயுங் காணமுங்க."

"கல்லுக்கு அடில பொந்துல இருக்குமுங்க. நீங்க எட்ட உக்காருங்கத்தை. ஆள் நின்னா வெளிய வராது. கூச்ச சுபாவமுங்க அதுக்கு." பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "என்னையாட்டவே."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷமும் என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது... கூச்சமா?

சொன்னபடி தண்ணீரை ஊற்றினேன். ஈ மொய்க்காமல் சோற்றின் மேல் கவிழ்ப்போமே, வலைக் கூடை மாதிரி ஒரு மூடி, எங்கள் வீட்டில் பெரிதாக ஒன்று உண்டு. அதைத் தொட்டி வாயில் கவிழ்த்தேன். ஓரத்தில் மிஞ்சிய இடத்துக்குக் காய் வடிக்கிற தட்டு. பிறகு எட்டப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மடியில் அந்த ஈரச் சேலை.

அதைப் பிழிந்தபோது ஒரு வாசம் வந்தது பாருங்கள்... திருச்செந்தூர்!

நான் கடல் பார்த்தது ஒரே ஒரு தடவை. கவிதா பிறப்பதற்கு முன்னால். அப்போது சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து டூரிஸ்ட் பஸ் பிடித்தார்கள். என் மாமியாருக்கு நடை கிடையாது, வர முடியவில்லை. கடலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும் என்று ஏங்கினார். மகன் என்ன செய்தார்? புளிச்சோறு கொண்டுபோன தூக்குப்போசியைக் கழுவிக் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார். கழுவும்போது ஓர் அலை வந்து மூடியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த அலை திருப்பிக் கொடுக்கும் என்று ரொம்ப நேரம் நின்றார். கொடுக்கவில்லை.

மூடிக்குப் பதிலாகத் தோள் துண்டை வைத்துப் போசிக்கு வேடு கட்டினார். ஆமாம், அதே வேடு. பஸ் குலுங்கியது, துண்டு நனைந்தது. கோவில்பட்டி தாண்டுவதற்குள் முன் சீட்டுக்காரரின் முறுக்குப் பையெல்லாம் கடல். "ஏனப்பா, கடலையே ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறயா? அலையையுங் கையோட கூட்டிட்டு வந்துட்டயாட்ட இருக்குது" என்று பஸ்ஸே சிரித்தது.

துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, போசி வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அகலமான கை. ரேகையெல்லாம் கிரீஸ் ஏறிப்போன கை. மதுரை, தாராபுரம், பல்லடம், சூலூர்... அத்தனை தூரமும் அந்தக் கைதான் மூடி. ஒரு கை பிடியில், ஒரு கை வாயில். நடுவில் ஆரஞ்சு வாங்கினோம். அவர் எந்தக் கையால் சாப்பிடுவார்? நான்தான் ஒவ்வொரு சுளையாக உரித்து வாயில் வைக்க வேண்டியதாயிற்று. பஸ் முழுக்க ஒரே கேலி. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக ஊட்டினேன். ஒரு சுளை மூக்குக்குப் போனது.

அதற்கு முன்னாலும் நான் அவருக்கு ஊட்டியதில்லை. பின்னாலும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாதிப் போசி தண்ணீர் மிஞ்சியிருந்தது. என் மாமியார் உச்சந்தலையில் தெளித்துக்கொண்டு, ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். "ரசத்துல உப்பு சாஸ்தியாப் போனாப்பல இருக்குது. இதுக்கா இத்தனை தூரம் போனீங்க?" என்றார். ஆனால் மிச்சத்தைக் கொட்ட விடவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். அது வற்றி, போசியில் வெள்ளையாக உப்புப் படியும்வரை. அவர் மகனுடைய உள்ளங்கை வெளுத்துச் சுருங்கி, பழையபடி ஆக நாளாயிற்று.

வேடு கட்டினால் கடல் ஒழுகும். அன்றைக்கே பார்த்தேனே? மறந்துவிட்டேன். ஆரஞ்சுதான் ஞாபகம் இருந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லுக்கு அடியில் ஏதோ அசைந்தது. வெள்ளையாக ஒரு மூக்கு. எட்டிப் பார்த்தது, உள்ளே போனது. மறுபடியும் எட்டிப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு மெதுவாக, நெருப்பு மொத்தமும் வெளியே வந்தது.

போனை எடுத்தேன். இந்தத் தடவை நேராக அவர் நம்பர்தான். "வந்துருச்சுங்க மாப்ளெ."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பினார்கள். பையை வைத்ததும் மாப்பிள்ளை நேராகத் தொட்டிக்குத்தான் போனார். குனிந்து பார்த்தார். சோற்று மூடியைப் பார்த்தார், வடிதட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொள்வது பின்னாலிருந்தே தெரிந்தது. நான் வழக்கம்போல உள்ளே போகத் திரும்பினேன்.

"ஏனுங்கத்தை, அது எதுக்குத் துள்ளுதுன்னு தெரியுங்களா?"

கவிதா அடுப்படியில் இருந்தாள். கேள்வி என்னிடம்தான். நின்றுவிட்டேன். அவர் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "பயந்துக்கிட்டா துள்ளுமுங்க. ஓடிப் போகோணும்னு இல்ல. கடல்ல துள்ளுனா திரும்பக் கடல்லதான உளுகும்? இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுக்குது."

பாவம்தான், இல்லையா? கீழே தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே எல்லாரும் துள்ளுகிறோம்.

அதற்குப் பிறகு ஒரேயடியாகப் பேசிக் குவிக்கிறோம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு, இரண்டு பேச்சு. எல்லாம் மீனைப் பற்றித்தான். நேற்று, "அத்தை, டீ குடிச்சீங்களா?" என்று அவரே கேட்டார். தன் வேலை போய்விட்டது என்று கவிதா முனகிக்கொண்டிருக்கிறாள்.

கொசுவலைக்காரர் இதை எழுதுகிறவரை வரவில்லை. அதனால் சோற்று மூடி இன்னும் மீனுக்குத்தான். சோற்றுக்கு நான் வேடு கட்டியிருக்கிறேன்... அங்கே ஒழுகாது.