ஸ்வாப் வடிந்த முப்பத்தாறு நிமிடம்

கதை விடுறேன்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். இது என்கூட வேலை பாக்குற சுனில்டாவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகல்ல. பராகுவே நாட்டு ஜனவரி கோடை வெயில்ல வில்யாரிக்கா ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்குற மத்தியான நேரம்.

அன்னிக்கு அவ அண்ணன் டிக்னோவுக்கு தலைநகர் அசுன்சியோன்ல இருதய ஆபரேஷன். முந்தின நாள் கிளம்பும்போது லேப்டாப்பை அவ கையில குடுத்து, பாஸ்வேர்டையும் சொன்னான்.

"அடிக்கடி உறைஞ்சு நிக்குது சுனி. ஸ்வாப்பைப் பெருசாக்கி வை. வந்து வாங்கிக்கிறேன்."

திரும்பி வருவானான்னு அவளுக்குப் பயம். சும்மா உக்காந்திருக்க முடியாமத்தான் அந்த வேலையை எடுத்தா.

லினக்ஸ் மெஷின். மெமரி நிரம்பினா மிச்சத்தை டிஸ்க்ல ஒதுக்கி வைக்கிற இடம்தான் ஸ்வாப். டிஸ்க் முழுக்கப் பாஸ்வேர்டு பூட்டு. உள்ள பகுதி பகுதியாப் பிரிச்சு வச்சிருந்தான். ஸ்வாப்பை நிறுத்தணும், அந்தப் பகுதியை நீட்டணும், மறுபடி ஓட விடணும். அஞ்சு நிமிஷ வேலை.

1:28. பாஸ்வேர்டு போட்டா. திறந்துச்சு.

ஸ்வாப் நாலு ஜிபியும் நிரம்பியிருந்துச்சு... இப்பதானே ஆன் பண்ணினா? எந்த புரோகிராமும் ஓடல. எது பிடிச்சு வச்சிருக்குன்னு தேடினா, பேரே இல்ல. என்ன கண்றாவியோன்னு, சரியா 1:31க்கு நிறுத்தச் சொல்லிக் கட்டளை குடுத்தா.

ஸ்வாப்ல இருக்கறது மெமரிக்கு வந்து சேரணும். ஸ்வாப் குறைஞ்சுது... மெமரி ஏறல. அப்போ எங்க போகுது?

டக்... டக்... டக்...

கீபோர்டு சத்தம். அவளோட ரெண்டு கையும் தெரெரேங்கிற குளிர்ந்த மூலிகை டீக் குவளையைப் பிடிச்சிருந்துச்சு.

திரையில ஒவ்வொரு எழுத்தா விழுந்துச்சு.

"சுனி... நிறுத்து..."

1:52. அந்தக் கட்டளையை நிறுத்தப் பாத்தா. கேக்கல. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா. அணையல. "அண்ணா, முடியலண்ணா"ன்னு அழுதா. எண் இறங்கிட்டே இருந்துச்சு.

"குளிருது..."

முன்னூறு எம்பி.

நாப்பது...

2:07. பூஜ்யம்.

2:20க்கு போன் வந்துச்சு. டிக்னோ போயிட்டான்.

ஒன்பது நாள் ஜெபம் முடிஞ்சதும், மயக்க மருந்து குடுத்த டாக்டரைப் போய்ப் பாத்தா. அவர் சார்ட்டை விரிச்சுக் காட்டினார். ஆபரேஷன் நல்லாத்தான் போச்சாம். 1:31ல இருந்து துடிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. எந்த மருந்துக்கும் ஏறல. 2:07க்கு நின்னுருக்கு.

"நாங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா. யாரோ வேற எங்கயோ இருந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சு"ன்னாராம்.