பாதி ஊத்தப்பத்துக்கு என்ன விலை?

கோச்சடையில் நான் தினமும் மாலை டிபன் சாப்பிடும் கடைக்குப் போன வாரம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கல்லாவில் ஒரு திரை. அடுப்படியில் ஒரு குட்டி பிரிண்டர் — ஆர்டர் அங்கே சீட்டாக வந்து விழும்.

என் ஆர்டர் என்றும் ஒன்றுதான். ஒரு ஊத்தப்பம், பாதியில் வெங்காயம், பாதியில் பொடி. முன்பெல்லாம் சப்ளையர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டு ஒரு விலை சொல்வார். கொடுப்பேன். முடிந்தது.

புதிய பில்லைப் பார்த்தேன். வெங்காய ஊத்தப்பம் ஒன்று, பொடி ஊத்தப்பம் ஒன்று என்றிருந்தது. சாப்பிட்டது ஒன்று... பில் இரண்டுக்கு.

முதலாளியிடம் நீட்டினேன். சாஃப்ட்வேர் எழுதிய சுபத்ரா பக்கத்திலேயே நின்றிருந்தார். செல்லூர்ப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே அசல் மதுரைத் தமிழ். தனியாகத் தொழில் தொடங்கிப் பிடித்த முதல் கடை இது.

"என்னம்மா, ஒரு ஊத்தப்பத்தை ரெண்டா விக்குது உங்க மெஷின்? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இப்படிப் போட்டா என்னையத்தான் அடிப்பாய்ங்க. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி தூக்கிட்டுப் போயிருங்க."

"பண்ணிருவோம்ண்ணே. பாதிக்கு என்ன வெலை வைக்க?"

"இதென்ன கேள்வி? பாதின்னா பாதி வெலை."

வேறு யாராவது என்றால் இரண்டால் வகுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். நானே அதைத்தான் செய்திருப்பேன். சுபத்ரா அடுப்படிக்குப் போனார். தோசைக்கல் பக்கத்தில் நின்று பார்த்தார். மறுநாளும் வந்து நின்றார்.

பிறகு முதலாளியிடம் சொன்னார். "அண்ணே, பொடியை மாஸ்டர் கரண்டியால தூவுறாரு. பாதிக்குப் பாதிதான் விழுது. வெங்காயத்தைக் கையால அள்ளுறாரு. முழுசுக்கும் ஒரு கை, பாதிக்கும் அதே ஒரு கை. பாதி வெலை போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்."

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், அம்புட்டு வெங்காயத்தையும் பாதியில கொட்டுறீகளாமே?"

"கம்மியாப் போட்டா சொட்டை விழுந்த மாதிரி தெரியும்ண்ணே."

"சின்னக் கப்பு ஒண்ணு வாங்கித் தாரேன். அளந்து போடுங்க."

"வேணாம்ண்ணே" என்று குறுக்கிட்டார் சுபத்ரா. "அவரு கையை மாத்துனா ருசி போயிரும். மெஷினை நான் மாத்திக்கிறேன்."

மாற்றினார். ஊத்தப்பத்தின் விலை ஒரே தடவை. மேலே போடுகிற ஒவ்வொன்றுக்கும் முழு விலைக்கு ஒரு கட்டம், பாதி விலைக்குத் தனியாக ஒரு கட்டம். மெஷின் தானாக வகுக்காது. முதலாளிதான் நிரப்ப வேண்டும். பொடியின் பாதிக்குப் பாதி விலை. வெங்காயத்தின் பாதிக்கு... முழு விலை.

கம்ப்யூட்டர் நுழைந்த இடத்திலெல்லாம் என்ன சொல்கிறார்கள்? "சிஸ்டம் ஒத்துக்காது சார்." வளைய வேண்டியது நாம்தான். ஒரு தோசை மாஸ்டரின் கைக்காக சிஸ்டத்தை வளைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை என் பில் வந்தது. ஒரு ஊத்தப்பம், பாதி வெங்காயம், பாதி பொடி. முதலாளி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, அழகர்கோவில் ரோட்டுல என் மச்சினன் கடை வச்சிருக்கான். அங்க எப்ப வாரீக?"

என் ஊத்தப்பம்தான் கொஞ்சம் விலை ஏறிவிட்டது. பரவாயில்லை — வெங்காயம் அன்றும் பொடிப் பக்கம் வரை வழிந்திருந்தது.