பிசகிய சிவப்பு

மிசாவோ அக்கா காகிதத்தைக் கன்னத்தில் ஒட்டிப் பார்க்கிறார். ஈரம் போதவில்லை. தண்ணீர் தெளிக்கிறார், எழுகிறார், சன்னலைச் சாத்துகிறார், உட்கார்கிறார், மறுபடி எழுந்து அதே சன்னலை இரண்டு விரற்கடை திறக்கிறார். காலை எட்டு மணிக்குள் இது ஆறாவது தடவை. எதிர்ச்சாரியில் சலவைக் கடை வைத்திருக்கும் எனக்கு அவருடைய அச்சுப் பட்டறை நேராகத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குக் கால் வலிக்கும்.

டோக்கியோவில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நின்று பேசியவர் ஒருவரும் கிடையாது. சோற்று உருண்டையை நடந்துகொண்டேதான் தின்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிடம் இருக்கச் சொன்னார்களாம். அதற்குள் பட்டறைக்கு ஓடி வந்து ஒரு தாள் அச்சடித்துவிட்டுப் போனார். என் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி கிளம்பினால் போதும், சந்து முழுக்கக் கேட்கும்:

"யோவ் உசுய்! உன் ஆவிய அந்தப் பக்கம் திருப்பு! என் காகிதம் உப்புது!"

தெருவைத் தாண்டி ஆவி வராது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இப்போது அவர் கையில் இருக்கும் வேலை, இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மரப்பலகை அச்சுப் படம். மழையில் குடை பிடித்தபடி ஒரு பெண் படகுக்குக் காத்திருக்கிறாள். மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. அதை வைத்திருக்கும் காட்சியகம், பழைய முறையிலேயே நூற்றிருபது பிரதிகள் கேட்டிருக்கிறது. வண்ணத்துக்கு ஒன்றாகப் பதினோரு பலகைகளை அவரோடு வேலை செய்யும் செதுக்குக்காரர் இனாகி செதுக்கிக் கொடுத்தார். பத்து வண்ணம் ஏறிவிட்டது. பாக்கி சிவப்பு மட்டும்: அவள் செருப்பு வார், இடுப்புக் கச்சை, மேல் மூலையில் ஒரு விளக்கு. அங்கேதான் சனி பிடித்தது. பழைய பிரதியில் அந்தச் சிவப்பு கோட்டை விட்டுப் பிசகியிருக்கிறது. காட்சியகத்துக்கு அந்தப் பிசகும் அப்படியே வேண்டுமாம்.

முப்பது வருடம் பிசகாமல் அடித்த கைக்குப் பிசகத் தெரியவில்லை. கழிவுத் தாளில் வேண்டுமென்றே தள்ளி வைத்துப் பார்த்தார். ஒன்று, அளவுக்கு மீறிப் போனது. இல்லையென்றால் கடைசி நொடியில் கை தானாக நேராக்கிவிட்டது.

முந்தாநாள் இனாகி உளியோடு வந்து நின்றார். பலகையின் வலது மூலையில் தாளைப் பொருத்தி வைக்க ஒரு காடி, அதாவது சின்ன வெட்டுப் பள்ளம், உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிச் செதுக்கினால் தீர்ந்தது என்பது அவர் கட்சி.

"ஒரு சீவு சீவுறேன் மிசாவோ. நூத்திருபதும் ஒரே மாதிரி தள்ளிக்கும். போய்க் குளிச்சிட்டுப் படுக்கலாம்."

"உளியோட உள்ள வராதண்ணே. செதுக்குனவன் மேல தப்பில்ல. அச்சடிச்சவன்தான் எங்கயோ சொதப்பியிருக்கான். எங்கன்னு தெரிஞ்சாகணும் எனக்கு."

"செத்து இருநூறு வருசம் ஆச்சு. அவன இழுத்து வச்சு விசாரிக்கப் போறியா?"

"ஆமா. அவன் என் ஆளு."

நேற்று மத்தியானம் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பழைய பிரதியின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இனாகியைக் கூப்பிட்டுக் கூச்சல் போட்டார். காடிக்குப் பக்கத்திலிருக்கும் செருப்பு வாரில் சிவப்பு கச்சிதமாக விழுந்திருந்தது. கச்சையில் ஒரு நூல் வெளியே. தூரத்து விளக்கில் இரண்டு நூல்.

"கை நழுவலண்ணே! நழுவியிருந்தா மூணும் ஒரே அளவு தள்ளியிருக்கும். தாள் காஞ்சு சுருங்கியிருக்கு! சிவப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி ஈரத்துணி போட்டு மூடாம எழுந்து போயிருக்கான் பாவி. எங்க போயிருப்பான்?"

"பொண்டாட்டி கூப்பிட்டிருப்பா. எல்லாரும் உன்ன மாதிரியா?"

இரண்டு கழிவுத் தாள்களைக் காயவிட்டு அடித்தார். அதே பிசகு, அதே அளவு. சந்தோஷப்பட வேண்டியவர் முகம் செத்துப்போனது. இனி நூற்றிருபது நல்ல தாள்களையும் அப்படிக் காயவிட வேண்டும். இது வறண்ட நவம்பர்க் காற்று. அரை மணி நேரம் சரியாக இருக்கும்; கூடிப்போனால் தாள் வண்ணத்தைக் குடிக்காது, ஏறிய பத்து வண்ணமும் பாழ். இந்தக் காகிதம் பனிக்காலத்தில் மட்டும் செய்வது, இருந்த கட்டு இதோடு சரி. நடுவில் தொட்டாலோ ஒரு சொட்டு தெளித்தாலோ ஒரு தாள் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ஆக, அரை மணி நேரம் அவர் ஒன்றுமே செய்யக்கூடாது.

"உன்னால அது மட்டும் ஆகாதும்மா," என்று இனாகி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது.

இதோ, கடைசியாக ஒருமுறை ஈரம் பார்த்தாகிவிட்டது. துணியை விலக்கி, தாள்களை ஒவ்வொன்றாகக் கொடிகளில் மாட்டி முடித்து உட்கார்கிறார். கடை வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு நானும் பார்க்கிறேன். வாசலில் இனாகி கடிகாரத்தோடு நிற்கிறார்.

"மூணு நிமிசம்தான் ஆச்சு," என்கிறார்.

அக்காவின் வலது கை பக்கத்துத் தாளின் நுனிக்குப் போகிறது. திரும்புகிறது. மறுபடி போகிறது.

பிறகு அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் தள்ளி, அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.